காலி வீட்டு மதிப்பு

யாராவது வந்து, "சார், என் வீடு எவ்வளவு போகும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தேதிக்கு?" என்பதுதான். வந்தவர் முழிப்பார். இன்றைக்குத்தான் என்பார். இன்றைக்கு என்றால் என்ன தேதி, சொல்லுங்கள் என்பேன். முப்பத்தொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தேதி இல்லாத காகிதம் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. என் மனைவி இதை வைத்து என்னை ஓட்டாத நாளில்லை. கடையில் வெங்காயம் விலை கேட்கப் போனால்கூட, "எந்தத் தேதிக்குன்னு சொல்லிக் கேளுங்க" என்பாள்.

சொத்துக்கு மதிப்புப் போடுவது என் தொழில். அதிலும் பெரும்பாலும் செத்தவர்கள் விட்டுப்போன சொத்து. ஒருவர் கண்ணை மூடியதும் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும், கோர்ட்டுக்கு ஒரு தொகை காட்ட வேண்டும். அவர் இறந்த தேதியன்று அந்த வீடு என்ன பெறும் என்பதை அளந்து பார்த்து நான் எழுதித் தருவேன். அழுதுகொண்டு இருப்பவர்களுக்கு நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றும் சுகமான வேலை இல்லை. ஆனாலும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் நேராக அந்த வீட்டின் குறைக்குப் போய்விடும். மைத்துனி புது வீடு கட்டிவிட்டு, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சமையலறை மூலையில் ஈரம் கசிவதைப் பார்த்துவிட்டேன். வாய் என்னவோ, "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொன்னது. அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்த மூலைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இந்த இரண்டு பழக்கத்தையும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு வக்கீல் போனில் கூப்பிட்டு ஒரு மாடி வீட்டைப் பார்க்கச் சொன்னார். சொந்தக்காரர் மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மனைவி அதற்கும் பல வருடம் முன்பே இறந்துவிட்டார். இரண்டு மகன்கள். உயில் ஒரே பக்கம்தான். வீடு மகன்கள் இருவருக்கும் சமபாகம். ஆனால், கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்ட தன் தங்கை, உயிரோடு இருக்கும் வரை அங்கேயே குடியிருக்கலாம். அதுவரை வீட்டை விற்கக் கூடாது. தங்கை தொடர்ந்து மூன்று மாதம் வேறு இடத்தில் போய்த் தங்கினால் அந்த உரிமை போய்விடும்.

இந்த மாதிரி உயிலுக்கு மதிப்புப் போட ஒரு முறை இருக்கிறது. குடியிருக்கும் உரிமை உள்ளவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று ஓர் அட்டவணையில் பார்க்க வேண்டும். அத்தனை வருடம் கழித்துத்தான் வீடு மகன்களின் கைக்கு வரும் என்று வைத்து, முழு மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அட்டவணை பதினாலு வருடம் தருகிறது.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தவர் மூத்த மகன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. எனக்கு நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். ஒன்று கேட்டால் நாம் சொல்லி முடிக்கும் வரை நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சின்னவர் வேறு ரகம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னால், "பிடிச்சா எனக்கு எவ்வளவு சார் பங்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

உயிலில் இருந்த தங்கை, மகன்களின் அத்தை, கீழே முன்னறையில் இருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. நான் அறையை அளப்பதைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிலையும் அளப்பீங்களா தம்பி?"

"இல்லம்மா, சுவருக்குச் சுவர் மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. இது என் சொந்தக் காசுல வாங்கினது. இதுலயும் பாகம் கேட்டுடப் போறாங்க."

டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னவர், "கட்டில் உனக்கு அத்தை, மெத்தை எனக்கு" என்றார்.

"போடா. பதினோரு மணி வரைக்கும் தூங்குறவனுக்கு மெத்தை ஒண்ணுதான் குறைச்சல்."

இருவரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மூத்தவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சின்னவர் டேப்போடு அடுத்த அறைக்குப் போனதும் அத்தை குரலைத் தாழ்த்தி, "எனக்கு எத்தனை வருஷம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். வக்கீல் சொல்லியிருப்பார் போல. அது ஒரு பொதுக் கணக்கு என்று மழுப்பினேன்.

"டாக்டரும் இப்படித்தான் மழுப்புறாரு. நீங்களாவது சொல்லுங்க."

"பதினாலும்மா."

"அடேயப்பா" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "அவ்வளவு நாள் இருந்து என்ன பண்ணப் போறேன்? சரி, போட்டது போட்டுட்டீங்க. இந்த வீட்டை விட்டு நான் போகணும்னா நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். அதையும் எழுதிக்குங்க."

நான் திரும்பியபோது மூத்தவர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் பதினொரு குறை கண்டேன். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குவது, ஜன்னல் ஒன்று மூடாதது, கொல்லையில் உடைந்த செங்கல்லும் மண்ணும் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பது என்று எட்டு சாதாரண விஷயம். மூன்று மட்டும் சாதாரணம் இல்லை. மாடி பால்கனியின் கைப்பிடிக் கம்பியை லேசாகத் தள்ளினேன், அடியில் துரு தின்றுபோய் முழுக் கம்பியும் ஆடியது. கீழே சிமெண்ட் தரை. அத்தை குளிக்கும் அறையில் வெந்நீர் ஹீட்டருக்கு எர்த் வயரே இல்லை, போட்டுப் பார்த்தால் குழாயில் கரண்ட் வந்தது. சமையலறையில் கேஸ் ட்யூபில் வெடிப்பு விட்டிருந்தது. மூன்றையும் போட்டோ எடுத்தேன். ஹீட்டரை அணைத்தேன். வெயில் காலம், இப்போதைக்கு யார் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதித் தருவதற்குத்தான் எனக்குக் கூலி, எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன். இதை இப்போது எழுதும்போது என்னை நானே நாலு அறை அறையலாம் என்று இருக்கிறது.

புறப்படும்போது மூத்தவர், "ரெண்டு தொகையும் போட்டுக் கொடுங்க சார். அத்தை இருந்தா எவ்வளவு, காலியா இருந்தா எவ்வளவு" என்றார். கேட்காவிட்டாலும் போட்டிருப்பேன், முறை அதுதான். காலி வீட்டுக்கு நூறு என்றால் அத்தை இருக்கும் வீட்டுக்கு ஐம்பத்தெட்டு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, வித்தியாசத்தை மூன்றாவது வரியில் தடித்த எழுத்தில் போட்டேன். படிப்பவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ள மூத்தவர் என் ஆபீசுக்கு வந்தார். தொகை இருந்த பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கடைசியில் இருந்த குறைகளின் பட்டியலுக்கு வந்தார்.

"இந்த மூணு போட்டோவுல சிவப்பு வட்டம் போட்டிருக்கீங்களே சார்?"

"உயிருக்கு ஆபத்து சார். அதான் தனியாக் காட்டியிருக்கேன். உடனே சரி பண்ணிடுங்க."

"மூணுல எது முதல்ல போகும்?"

இப்படி அக்கறையாக யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. பட்டியலைப் பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். கம்பியில் ஆள் சாய்ந்தால் என்ன ஆகும், ஈரக் கையோடு குழாயைத் தொட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

"அத்தைக்கும் இந்த ரிப்போர்ட்டுல ஒரு காப்பி கொடுக்கணுமா சார்?"

"காசு கொடுக்கிறவங்களுக்குத்தான் காப்பி. அதான் வழக்கம்."

"அப்படியே இருக்கட்டும் சார்" என்று காகிதத்தை உறையில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஏழாம் தேதி, அவரிடமிருந்து போன் வந்தது. "சார், அந்த வீட்டுக்குப் புதுசா ஒரு மதிப்பு வேணும். காலி வீடா மட்டும் போட்டா போதும். வாங்குறதுக்கு ஒரு ஆள் இருக்காரு."

"எந்தத் தேதிக்கு சார்?"

"தேதியா?" என்றார்.

"காலி வீடுன்னா, காலியாகிற தேதி எனக்கு வேணும். தேதி இல்லாம நான் போடுறதில்லை."

போனைக் கையால் மூடிக்கொண்டது தெரிந்தது. உள்ளே அவர் யாரிடமோ பேசினாரா, தனக்குத்தானே எண்ணிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து, "பத்தொன்பதாம் தேதின்னு போட்டுக்குங்க சார்" என்றார்.

"அத்தை அதுக்குள்ள எங்க போறாங்க?"

"அதை நாங்க பாத்துக்கிறோம் சார்."

டைரியில் பத்தொன்பது என்று குறித்துக்கொண்டேன். தேதி கிடைத்ததில் எனக்குத் திருப்திதான். மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் உயில் ஞாபகம் வந்தது. அத்தை அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் மூன்று மாதம் கழித்துத்தான் அவர் உரிமை போகும். பத்தொன்பதுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அவராக விரும்பி எழுதிக் கொடுத்தால் உண்டு. அப்படி எழுதிக் கொடுக்காவிட்டால், பன்னிரண்டு நாளில் அந்த வீடு காலியாக அந்த உயிலில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "என்னங்க, உப்பு தூக்கலா?" என்று கேட்டாள் மனைவி. சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை. "நாளைக்கு எதுக்கு? இப்பவே போய்ப் பாருங்க" என்றாள்.

போனேன். புது மதிப்புக்கு மறுபடி வீட்டைப் பார்ப்பது என் வேலைதான், யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. மகன்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். அத்தைதான் கேட்டைத் திறந்தார். "வாங்க தம்பி. மறுபடியும் அளக்கணுமா? வீடு வளந்துடுச்சா?" என்றார்.

"வீட்டை விட்டுக்கொடுக்கிறதா எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"கையெழுத்தா? நானா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பால்காரனுக்குக்கூட நான் கையெழுத்துப் போடுறதில்லை."

என் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் தளம் போட்டிருந்தார்கள். ஜன்னல் மூடியது. சுவர் விரிசலைப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். கொல்லையில் குவியலைப் பாதி அள்ளியாகிவிட்டது, மீதியை ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள், அதையும் ஆனதாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பதினொன்றில் எட்டுக்கு டிக் விழுந்தது. விழாத மூன்றும் நான் சிவப்பு வட்டம் போட்ட மூன்று.

அதோடு நிற்கவில்லை. முன்பு கொல்லையில் இருந்த துணி காயப்போடும் கொடி இப்போது மாடி பால்கனியில் இருந்தது. அதுவும் கம்பிக்கு உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம், ஒரு கை தூரத்தில். துணி போட வேண்டுமானால் கம்பியில் வயிற்றை வைத்துச் சாய்ந்துதான் ஆக வேண்டும். அதில் அத்தையின் இரண்டு புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"இதை யாரும்மா இங்க கட்டினது?"

"சின்னவன்தான். கொல்லையில ஆளுங்க வேலை செய்யிறாங்க, தூசி படும்னு பெரியவன் சொன்னானாம். இங்க வெயிலும் நல்லா வருது." அத்தை கம்பியைப் பார்த்தார். "இது கொஞ்சம் ஆடுது. அதான் நான் சாயறதில்லை, கம்பை வச்சுத் தள்ளி விடுவேன். என் வெயிட்டே நாப்பத்தஞ்சு கிலோ. அதுக்கும் என் மேல இரக்கம் போல."

"ஹீட்டர் போடுறீங்களா?"

"ஒரு நாள் போட்டேன். குழாயைத் தொட்டா சுர்ருன்னு இழுத்துச்சு. பெரியவன்கிட்ட சொன்னேன், ஆள் வர்றான்னான். அதுல இருந்து பச்சைத் தண்ணிதான்."

அவரை மாடியிலிருந்து கீழே கூட்டி வந்து அவருடைய கட்டிலில் உட்காரவைத்தேன். பையிலிருந்து ரிப்போர்ட்டின் என் காப்பியை எடுத்தேன். முப்பத்தொரு வருடத்தில் காசு கொடுக்காத ஒருவரிடம் நான் காப்பியைக் கொடுத்தது அன்றைக்குத்தான். இரண்டு தொகையையும் வித்தியாசத்தையும் காட்டினேன், சிவப்பு வட்டங்களைக் காட்டினேன். பத்தொன்பதாம் தேதியைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

"இந்தத் தடிச்ச எழுத்துல இருக்கிறது நானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பரவால்லயே, இவ்வளவு பெறுவேன்னு எனக்கே தெரியாது" என்றார். சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "சின்னவன் பிறந்தப்ப அவங்கம்மா படுத்த படுக்கை. ஒன்றரை வயசு வரைக்கும் என் மேலதான் தூங்குவான்" என்றார். "அவனுக்குத் தெரியாது தம்பி. கட்டுன்னா கட்டியிருப்பான். எங்க எழுதினாலும் அவனுக்குத் தெரியாதுன்னே எழுதுங்க."

"வேற எங்கயாவது போய் இருங்கம்மா. ஒரு பத்து நாளாவது."

"யார் வீட்டுக்கு? நான் வாசலைத் தாண்டினா பூட்டு மாத்திடுவான். அப்புறம் மூணு மாசத்தை அவன் எண்ணிக்கிட்டே இருப்பான்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு. ஆனா நான் போக மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தேன். பால்கனிக் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்தேன். தெருமுனைக் கடைக்குப் போய்ப் புது கேஸ் ட்யூப் வாங்கி வந்து மாட்டினேன். ஹீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டேன். இதில் ஒன்றுகூட மதிப்பீட்டாளர் வேலை இல்லை.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "அதாவது, எட்டு ரிப்பேர் பண்ணிட்டாங்க, மூணு பாக்கி, மாடியில துணிக்கொடி கட்டினாங்க. அவ்வளவுதானே சார்? எங்க வீட்டுல பதினொண்ணும் பாக்கி இருக்கு" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே அது கேஸாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான். அன்று சாயங்காலமே எழுதினேன். எட்டு குறை சரி செய்யப்பட்டது, உயிருக்கு ஆபத்தான மூன்று மட்டும் விடப்பட்டது, கொடி இடம் மாறியது, மூத்த மகன் போனில் சொன்ன தேதி, எல்லாம் வரிசையாக, போட்டோவோடு. கொடியைக் கட்டச் சொன்னது மூத்தவர், கட்டிய சின்னவருக்குக் காரணம் தெரியாது என்று அத்தை கூறுகிறார் என்பதையும் சேர்த்தேன். அந்த வீட்டில் அத்தைக்கு ஏதாவது நேர்ந்தால் இந்தக் காகிதத்தைப் பார்க்கவும் என்று கடைசி வரி. வக்கீலுக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று, மகன்கள் இருவருக்கும் ஒவ்வொன்று, அத்தைக்கு ஒன்று. ஆறையும் மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த பத்து நாளும் தினம் காலையும் மாலையும் அத்தைக்குப் போன் செய்தேன். "இருக்கேன் தம்பி" என்பார். வேறொன்றும் பேச மாட்டார், வைத்துவிடுவார். மூத்தவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்தொன்பதாம் தேதி காலையில் என்னால் ஆபீசில் உட்கார முடியவில்லை. அந்த வீட்டுக்குப் போனேன். மூத்தவர் கேட்டைத் திறந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை, அதே மெதுவான குரல்.

"வாங்க சார். நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க லெட்டர் வந்துச்சு. பாத்தீங்களா, பதினொண்ணும் முடிச்சாச்சு."

பொய்யில்லை. பால்கனியில் புதுக் கம்பி, தள்ளிப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. ஹீட்டருக்கு எர்த் வயர் போட்டு, டெஸ்டரை வைத்துக் காட்டினார் எலெக்ட்ரீஷியன். சமையலறையில் நான் மாட்டிய ட்யூபுக்கு ஒரு கிளிப்பும் சேர்ந்திருந்தது. அத்தை முன்னறையில் இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். பிறகு குளியலறையில் துணி அலசும் சத்தம் கேட்டது.

காகிதம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஒருவேளை நான்தான் ஒரு நல்ல மனுஷனைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

மூத்தவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். குவியல் முழுவதையும் அள்ளி இடத்தைப் பெருக்கியிருந்தார்கள். சின்னவர் பழைய கொடியை மறுபடி கொல்லையிலேயே, குவியல் இருந்த இடத்துக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பதினொண்ணும் ஆச்சு சார்" என்றார் மூத்தவர். எனக்கு எதிரில் வந்து நின்றுகொண்டார். "உங்க அனுபவத்துல சொல்லுங்க. பன்னிரண்டாவதா ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லை சார்" என்றேன்.

வாய்தான் சொன்னது. கண் அதற்கு முன்பே போய்விட்டது. குவியலை அள்ளிய இடத்தில், கொடிக்கு நேர் கீழே, கழிவுத் தொட்டியின் சிமெண்ட் மூடி தெரிந்தது. இத்தனை வருடம் மண்ணுக்கு அடியில் கிடந்த மூடி. நடுவில் குறுக்காக ஒரு விரிசல், விரிசலுக்குள் துருப்பிடித்த கம்பி. அள்ளச் சொல்லி எழுதியவன் நான்தான்.

மூத்தவர் என் வாயைப் பார்க்கவே இல்லை. முதல் நாளிலிருந்தே அவர் என் முகத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெதுவாகத் திரும்பி, என் கண் போன இடத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அவருக்கு அது வெறும் தரை.

பின்கதவு திறந்தது. அத்தை ஈரத்துணி வாளியோடு கொடியைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அங்கேயே நில்லுங்க" என்று கத்தினேன். நின்றுவிட்டார். மூடியிலிருந்து நாலு எட்டு தூரம் இருக்கும்.

ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தேன். மூடியைக் காட்டினேன். சுவரோரம் அடுக்கியிருந்த செங்கல்லை எடுத்து அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நானே வரிசையாக வைத்தேன். ஐம்பத்தாறு வயதில் மூச்சு இரைக்க இரைக்கச் செங்கல் தூக்கினேன். மூத்தவர் தடுக்கவில்லை. இரண்டு செங்கல்லை அவரும் எடுத்துக் கொடுத்தார். அத்தை வாளியைக் கீழே வைக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புது மூடி போடுங்க. இன்னைக்கே போடுங்க" என்றேன்.

"போட்டுடலாம் சார். கேட்டப்ப இல்லைன்னீங்களே" என்றார் மூத்தவர். குரலில் கோபமே இல்லை.

வண்டியை எடுக்கும் வரை கூடவே வந்தார். எனக்காகக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். ஒரு பழைய வீட்டில் குறை பன்னிரண்டோடு முடியாது என்பது எனக்குத் தெரியும். தினமும் இங்கே வந்து நிற்க முடியாது என்பதும் தெரியும். அட்டவணை அத்தைக்குக் கொடுத்தது பதினாலு வருடம், அதில் இன்னும் நாலு மாதம்கூட முடியவில்லை.

"சார்" என்று கூப்பிட்டார் மூத்தவர். "அந்தக் காலி வீட்டு மதிப்பை நீங்க போட்டு வச்சிருங்க. தேதி மட்டும் நான் அப்புறம் சொல்றேன்."